பதினான்கு தொட்டிகள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு பிளாஸ்க் என்று பேர். வைத்ததே நான்தான், அதனால் அந்தப் பேரைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தணிக்கைக்குப் போகிற இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார் மனுஷர். தோளில் பச்சை நிற பிளாஸ்க், கையில் மடக்கு ஸ்டூல். இரண்டையும் தூக்கிக்கொண்டு அவர் பஸ் ஏறுகிறதைப் பார்த்தால் மீன் பிடிக்கக் கிளம்பியவர் மாதிரி இருக்கும்.

"அவங்க நாற்காலில உக்காந்து, அவங்க டீயைக் குடிச்சிட்டு, அவங்களைப் பத்தி எப்படி எழுதுறது?" என்பார்.

"அங்க போய் மூச்சு மட்டும் விடலாமா? அது அவங்க காத்தாச்சே," என்று நான் கேட்பேன்.

"அதுக்கு இன்னும் விதி வரல தாயே. வந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன்."

இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான், எதிரெதிர் மேசை. தணிக்கை என்றாலே கணக்குப் பார்க்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். அரசாங்கம் செய்ததாகச் சொல்கிற வேலை நிஜமாகவே நடந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, ஜனங்களுடைய சபைக்கு அறிக்கை கொடுப்பது மீதிப் பாதி. அந்த வருஷம் எங்கள் பிரிவுக்குக் குடிநீர்த் தொட்டிகள் வந்தன. நானூறு தொட்டிகள். எல்லாவற்றையும் பார்க்க ஆளும் கிடையாது, நாளும் கிடையாது. கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டுப் பதினான்கை எடுத்தோம். எடுத்த பிறகு அதை மாற்றக் கூடாது. இது தூரம், அது மேடு என்று ஒன்றைத் தள்ளிவிட்டால், மொத்த நானூறைப் பற்றியும் பேச நமக்கு வாய் இல்லாமல் போய்விடும்.

பதினான்கும் பிளாஸ்க்குக்கு வந்தன. தொட்டி மேல் ஏற வேண்டும், மூடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கடைசியாகக் கழுவிய தேதி பலகையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு சின்ன கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து இரண்டு சொட்டு விட வேண்டும். தண்ணீரைச் சுத்தம் பண்ணும் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். இல்லையென்றால் அப்படியே இருக்கும். அவ்வளவுதான் வேலை.

பதினொன்று முடிந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு ஃபோன் செய்தார்.

"இன்னும் மூணு தொட்டி பாக்கி. நாளைக்கு நீங்க போயிட்டு வரீங்களா?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஏன், பிளாஸ்க் ஒழுகுதா?" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "சும்மா கேட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்தார். பதினான்கு பக்கத்தையும் கோப்பில் கோத்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்ததாம். எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

அவர் கோப்பைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. எழுதியவர் ஒருவர், பார்க்கிறவர் வேறொருவர் என்பது எங்கள் முறை. கோப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சம்பந்தப்பட்டவர்களோடு ரத்த உறவு உண்டா? இல்லை. கொடுக்கல் வாங்கல்? இல்லை. உங்கள் நடுநிலையைப் பாதிக்கக்கூடிய வேறு எதுவும் உண்டா? அதற்கும் இல்லை என்று எழுதினேன். எத்தனையோ வருஷமாக எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போன இல்லை அது.

கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்கு ஒரு அளவுகோல் உண்டு. முன்பின் தெரியாத ஒருத்தர் திறந்து படித்தாலும், எழுதியவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்காமல், அதே முடிவுக்கு வந்து சேர வேண்டும். அவர் இருந்தவரைக்கும் நான் அதை ஒருநாளும் மதித்ததில்லை. சந்தேகம் வந்தால் தலையைத் தூக்கி, "ஐயா, இது என்ன கோழிக் கிறுக்கல்?" என்று கேட்டால் போதும். இப்போது எதிர் மேசையில் யாரோ ஃபேன் கவரைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

முதல் பதினொன்றும் அவரேதான். நாலாவது தொட்டி: ஏணியில் ஆறாவது படி ஆடுகிறது. ஏழாவது: பலகையில் தேதி இருக்கிறது, ஆனால் வருஷம் இல்லை, கேட்டதற்கு ஆபரேட்டர் மழையில் அழிந்தது என்றார், மற்ற எழுத்து மட்டும் ஏன் அழியவில்லை. படிக்கப் படிக்க அவர் பக்கத்தில் நின்று முணுமுணுக்கிற மாதிரியே இருந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. மூடி சரி. பலகை சரி. நிறம் சரி. மூன்று பக்கமும் ஒரே மாதிரி, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. களைத்துப்போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மேசை டிராயரில் கிடந்த அவர் சாமான்களை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் மனைவி தையல் வேலை செய்கிறவள். கழுத்தில் அளவு டேப்போடு கதவைத் திறந்தாள். என்னை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்த தொட்டி அறிக்கை எப்ப வரும் அக்கா?"

"இன்னும் நாளாகும். துறைக்கு அனுப்பி அவங்க பதிலை வாங்கணும், அதையும் சேர்த்துத்தான் அச்சுக்குப் போகும்."

"வந்தா எனக்கு ஒண்ணு குடுங்க. அவர் பேரு போட மாட்டாங்கன்னு தெரியும். பரவால்ல. அதுக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்ல." மிஷின் மேல் கிடந்த நூலைச் சுற்றிக்கொண்டே பேசினாள். "அந்த செவ்வா, புதன், வியாழன் மூணு நாளும் ஆஸ்பத்திரில படுக்க வெச்சிட்டாங்க அக்கா. ஆபீஸ்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டார். லீவு போட்டா வேலை வேற கைக்குப் போயிடுமாம். ஒரு கைல ட்ரிப் ஏறுது, மறு கையால உக்காந்து எழுதுறார். நர்சு வந்து பேனாவைப் பிடுங்கிட்டுப் போச்சு. என்கிட்ட ஐப்ரோ பென்சில் இருக்கான்னு கேக்குறார் அக்கா."

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கிளம்பும்போது பிளாஸ்க்கைக் கழுவிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும். பேரு வெச்சது நீங்கதானே."

திங்கட்கிழமை காலையில் பிரிவுத் தலைவி அறைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"நான் குடுத்த படிவத்தைத் திருப்பிக் குடுங்க மேடம். தப்பா எழுதிட்டேன்."

"எந்த இடத்துல?"

"கடைசிக் கேள்வி."

எடுத்துப் படித்தார். "அவர் உங்களுக்கு உறவா?"

"இல்ல."

"பின்ன?"

"இருபத்திரண்டு வருஷம் எதிர் டேபிள்."

"அது உறவுல வராதே."

"எனக்கு வருது மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"கடைசி மூணு தொட்டியைத் திரும்பப் பாக்கச் சொல்லுங்க. காரணம் எழுத்துல வேணும்னா குடுக்கிறேன்."

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தா காரணத்துக்கு வேலை இருக்காது. நீங்க வழி மட்டும் காட்டுங்க. எழுதுறதும் கையெழுத்தும் வேற ஆளு. நீங்க வாயைத் திறக்கக் கூடாது." அப்புறம் மெதுவாக, "முடியுமா உங்களால?" என்றார். என் வாயைப் பற்றி அலுவலகம் முழுக்கத் தெரியும்.

அந்த வேறு ஆள் மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆனவர். பிளாஸ்க்கோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கோப்பைப் படித்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே, "கடைசி மூணு பக்கம் நேர்ல பாத்து எழுதின மாதிரி இல்லையே மேடம்," என்றார். வாயைத் திறக்கக் கூடாது என்பது நினைவு வந்தது. ஜன்னலைப் பார்த்தேன்.

முதலில் பதினொன்றாவது தொட்டிக்கே போகலாம் என்றார். அங்கே பிளாஸ்க் வந்தது உறுதியானால், மற்ற இடத்தில் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். அங்கிருந்த பம்ப் ஆபரேட்டர் கேட்ட உடனேயே தலையை ஆட்டினார்.

"வந்தாரே சார். பிளாஸ்க் வெச்சிருந்தவர். ஏணில பாதி ஏறினதும் நின்னு மூச்சு வாங்கினாரு. நான் பிடிச்சுக்கிறேன்னு போனா, நீ பிடிச்சா உன் தயவுல ஏறின மாதிரி ஆயிடும், தள்ளி நில்லுங்கிறாரு. விழுந்தா என்ன சார் பண்றதுன்னேன். விழுந்தா அப்ப பிடிங்கிறாரு."

புதியவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான் தொட்டிக்குப் பின்பக்கம் போய் நின்றேன்.

பன்னிரண்டில் யாரும் வந்த ஞாபகம் இல்லை என்றார்கள். மூடி இருந்தது, நிறமும் மஞ்சளானது. அங்கே அவர் எழுதியது உண்மையாகிவிட்டது, பார்க்காமலே. பதின்மூன்று ஒரு ஆரம்பப் பள்ளிக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஆபரேட்டர் ஒரு பெண்.

"இந்த வருஷம் யாருமே வரல சார்."

"தோள்ல பிளாஸ்க், கைல மடக்கு ஸ்டூல். நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா."

"அப்படி ஒருத்தர் வந்திருந்தா மறக்குமா சார்?"

புதியவர் மேலே ஏறினார். நானும் ஏறினேன். பேசத்தானே கூடாது, ஏறக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. மூடி துருப்பிடித்து உள்ளே விழுந்து கிடந்தது. வாய்க்கு மேல் ஒரு தகரத்தைப் போட்டு, தகரத்தின் மேல் ஒரு கல். தகரத்தை நகர்த்தினால் தண்ணீரின் மேல் புறா இறகுகள். குழாயில் பிடித்து மருந்து விட்டார். இரண்டு சொட்டு, நாலு சொட்டு. நிறம் மாறவில்லை. கீழே பிள்ளைகள் வரிசையாக நின்று குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன.

அறிக்கை வரட்டும் என்று புதியவர் காத்திருக்கவில்லை. குழாயை அப்போதே பூட்டச் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பொறியாளருக்குக் கடிதம் எழுதினார். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைக் காட்டினார். வயிற்றுப்போக்கு என்று பதினேழு பிள்ளைகள், விட்டு விட்டு, மூன்று வாரமாக. வெள்ளிக்கிழமை பிளாஸ்க் கோப்பைக் கொடுத்ததற்குப் பிறகு ஆரம்பித்த மூன்று வாரம். புண்ணியத்துக்கு எல்லாம் பிழைத்துக்கொண்டன.

பதினான்கையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறபோது பஸ்ஸில் புதியவர் மெதுவாகக் கேட்டார். "நல்ல மனுஷராமே? எல்லாரும் சொல்றாங்க."

"ஆமா," என்றேன். அந்தப் பயணத்தில் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

கோப்பில் அவருடைய மூன்று பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு, "இதை ஆதாரமாகக் கொள்ள இயலாது" என்று எழுதினார் புதியவர். திட்டவில்லை, பரிதாபப்படவில்லை. நானாக இருந்தால் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பேன்.

எட்டு மாதம் கழித்து அறிக்கை சபையில் வைக்கப்பட்டது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிளாஸ்க்கின் மனைவி கேட்டபடி ஒரு பிரதியை எடுத்து வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். புடவையில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. எடுத்து விட்டேன்.

"இதுல அவர் பண்ணது எது அக்கா?"

கடைசிப் பக்கத்து அட்டவணையைப் பிரித்தேன். பதினான்கு தொட்டிகள், பக்கத்தில் நேரில் பார்த்த தேதிகள். "இங்கேருந்து இது வரைக்கும்." என் விரல் பதினொன்றில் நின்றது.

"பதினாலுன்னாரே?"

அவள் விரல் என் விரலைத் தாண்டிக் கீழே போனது. துணியில் அளவு பார்க்கிற விரல். தேதிகளை ஒன்றொன்றாகத் தொட்டாள்.

"இந்தத் தேதியில அவர் இல்லையே அக்கா."

"ஆமா."

அந்த மூன்று வரியிலிருந்து விரலை எடுத்தாள். "ஆஸ்பத்திரின்னு நான்தான் உங்ககிட்ட சொன்னேன்."

"நீ சொல்லலன்னாலும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பேப்பரே காட்டிக் குடுத்துடுச்சு."

"ஆனா நான் சொன்னேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பெருமையா வேற சொன்னேன்."

அடுப்பில் பால் வைத்திருந்தேன். போய் அணைத்து, டீ கலந்து கொண்டுவந்து வைத்தேன்.

"ஒருத்தருக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே அக்கா. நீங்க போங்க, என்னால முடியலன்னு. மாட்டேன்னு சொல்லியிருப்பாங்களா?"

இது எந்தக் கோப்பிலும் இல்லை. அந்த ஃபோனில் பேசியவர் இரண்டே பேர், அதில் ஒருவர் போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், எங்கள் முறைப்படி, அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

"பண்ணார்," என்றேன். "எனக்குத்தான் பண்ணார்."

"எப்ப?"

"திங்கக்கிழமை. சாயங்காலம்."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல், அன்றைக்குச் சொன்ன அதே மூன்று வார்த்தை.

அவள் அழவில்லை. அறிக்கையை மூடி, மடியில் வைத்து, அட்டையை நீவிக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. எழுந்து வாசல்வரை போனாள். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டு நின்றாள்.

"அந்த பிளாஸ்க்கைக் குடுத்துடுங்க அக்கா."

அலமாரியிலிருந்து எடுத்து, துடைத்து, கொண்டுவந்து கொடுத்தேன். மூடியைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு அடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள், கை நனைகிறதா என்று பார்க்கிற மாதிரி.

"ஒழுகவே இல்லையே அக்கா இது," என்றாள்.