அல்சே தட்டிப் பார்த்த மரம்

கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூ வைக்கும் சகல புனிதர் திருநாள் விடிந்தால் ஓடில் சாமந்திக் கட்டும் சுண்ணாம்பு வாளியுமாகப் படகில் ஏறிவிடுவாள். வெள்ளையடிக்க அங்கே கல்லறை ஏது என்று கொழுந்தன் யுலீஸ் வருஷா வருஷம் கிண்டலடிப்பான். துடுப்புப் போடுவதும் அவன்தான். ஆற்றுக்குக் கரை எழுப்பிய பிறகு வெள்ளம் தள்ளிவந்த வண்டல், அவர்கள் ஊரையே மூடிவிட்டது. தேவாலயமும் கடையும் ரெமியின் கல்லறையும் அடியில் கிடக்கின்றன. ரெமி அவளுடைய ஒரே பிள்ளை, மூன்று மாதம் இருந்தான். அவன் தலைமாட்டில் நின்ற சைப்ரஸ் மரம் மட்டும் தப்பியது. அந்த மரத்துக்குத்தான் ஓடில் வெள்ளையடிப்பாள்.

ஒரு காலத்தில் அட்சஃபலாயா ஆற்றுச் சதுப்பு முழுக்க சைப்ரஸ்தான். கூரை, படகு, தொட்டில், சவப்பெட்டி எல்லாம் அதில்தான் செய்வார்கள். தண்ணீரிலேயே கிடந்தாலும் மக்காத கட்டை. அறுவை ஆலை வந்து இருபது வருஷத்தில் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டுப் போனது. ஆலைக்காக மரங்களைக் கோடரியால் தட்டிப் பார்த்துத் தேறும், தேறாது என்று சொன்னவன் ஓடிலின் கணவன் அல்சே. அவன் காது தப்பாது என்று முதலாளியே சத்தியம் செய்வார். ரெமியின் தலைமாட்டு மரத்தைப் பொந்து என்றான், விட்டுவிட்டார்கள். என் பிள்ளைக்காகக் கடவுள் வைத்த பொந்து என்றே ஓடில் நாற்பது வருஷமாக நம்பினாள்.

அல்சே மேல்தான் ஆறாத வருத்தம். பிள்ளையைப் புதைத்த மறுநாளே வேலைக்குப் போனவன், சாகும்வரை அவன் பெயரைச் சொல்லவில்லை. கல்நெஞ்சன் என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறாள். கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான், பாவி மனுஷன். அல்சேவின் கல்லறைக்கு அவள் ஒரு பூவும் கொண்டுபோனதில்லை.

இந்த வருஷம் மரத்தடியில் வேறொரு படகு நின்றது. புது ஆலை அனுப்பிய நோலன், மிச்சமிருக்கும் பெரிய மரங்களுக்கு நீலக் குறி போட வந்திருந்தான். அது பொந்து, பெயிண்டை வீணாக்காதே என்றாள் ஓடில். அவன் கோடரியைத் திருப்பி மூன்று இடத்தில் தட்டினான்.

"பொந்தெல்லாம் இல்லம்மா. வைரம் பாஞ்ச கட்டை. யாரு அப்படிச் சொன்னது?"

யுலீஸ் தொப்பியைக் கழற்றினான். "அண்ணனுக்குத் தெரியாதா அண்ணி? தெரிஞ்சேதான் பொந்துன்னு சொல்லியிருக்கு."

ஓடில் படகிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யுலீஸ் நோலனிடம் ரெமியைப் பற்றிச் சொன்னான். பிள்ளையின் சவப்பெட்டியை அல்சேவே சைப்ரஸ் பலகையில் செய்தான், இன்னும் மக்கியிருக்காது என்றான். நோலன் பெயிண்டை வைத்துக்கொண்டு விழித்தான்.

ஓடில் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "அல்சே பொந்துன்னா அது பொந்துதான் தம்பி."

நோலன் இன்னொரு தடவை தட்டினான், ரொம்ப மெதுவாக.

"ஆமாம்மா. இப்ப எனக்கும் அப்படித்தான் கேக்குது."

வெள்ளையடித்துத் திரும்பும்போது சாமந்தியில் பாதி படகிலேயே இருந்தது. யுலீஸ் அல்சேவைப் புதைத்த ஊர்ப்பக்கமாகப் படகைத் திருப்பினான்.