இரண்டு மில்லிமீட்டர் விலகிய ஆர்க்கிட்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரை வேலையிடத்தில் எல்லோரும் பூக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வியட்நாமின் பூப்படத் தபால்தலைகள் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். அதுவும் வெறும் தபால்தலை போதாது. உறையில் ஒட்டி, முத்திரை விழுந்து, நாடு விட்டு நாடு போய் ஒருவர் கைக்குக் கிடைத்த கடிதமாக இருக்க வேண்டும். பதினேழு வருடத்தில் நாற்பத்தெட்டு உறைகள் சேர்ந்திருந்தன.

அதில் ஒன்று அவருக்கு உயிர். முரட்டுப் பழுப்பு உறை, ஊதா ஆர்க்கிட் தபால்தலை. போர்க்காலத்தில் ஹனோயில் போட்ட அந்தக் கடிதம், பதினொரு வாரம் கழித்து ஐரோப்பாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்சிங் மாணவிக்குக் கிடைத்திருந்தது. வழியில் எங்கெங்கே தங்கியது என்பதைப் பின்பக்க முத்திரைகள் சொல்லும்.

முதல்முறையாக அதைத் தபால்தலைக் கண்காட்சியில் வைத்தார். நடுவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். ஆர்க்கிட் உறை முன்னால் லென்ஸோடு வெகுநேரம் குனிந்து நின்றவர், நிமிர்ந்து சொன்னார்.

"தம்பி, இந்த முத்திரை சேரலையே."

வட்ட முத்திரையில் பாதி தபால்தலை மேல், பாதி உறை மேல். இரண்டும் இணைந்து ஒரே வட்டமாக வர வேண்டும். வரவில்லை. இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றது.

"வேற எங்கேயோ உரிச்ச ஸ்டாம்ப்பைக் கொண்டு வந்து ஒட்டினா இப்படித்தான் இருக்கும். நீங்க செஞ்சீங்கன்னு சொல்லல. ஆனா நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள விளக்கம் வேணும். இல்லேன்னா போலின்னு எழுதிடுவேன்."

வாங்கிய அன்று வட்டம் சரியாக இருந்ததாகத்தான் பூக்காரருக்கு ஞாபகம். ஞாபகத்தை யாரிடம் காட்டுவது? அனுமதி வாங்கி உறையை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். எதிரே மாமியார். அச்சகத்தில் முப்பது வருடம் பைண்டிங் பிரிவில் இருந்தவர். மாப்பிள்ளையிடம் எதுவானாலும் மகள் மூலமாகத்தான் பேசுவார். உப்பு வேண்டுமென்றாலும் மகளிடம்தான் கேட்பார். அன்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நேராகவே பேசினார்.

"மாப்பிள்ளை, அது நான் பண்ணின காரியம்."

"அம்மா!" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. மூணு வருஷம் முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிச்சாங்க இல்ல, அப்ப அலமாரியை ஒழிக்கும்போது அந்த ஆல்பம் கைதவறி விழுந்துடுச்சு. கவர் வெளியில வந்துடுச்சு, ஸ்டாம்ப்பு தனியா உதிர்ந்து கிடந்தது. நீங்க வர்றதுக்குள்ள மாவுப் பசை காய்ச்சி ஒட்டி வச்சேன். சொல்லணும் சொல்லணும்னு தினமும் நினைப்பேன். வாய் வரல."

பூக்காரருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வேறொன்று உறைத்தது.

"அப்ப உதிர்ந்ததும் ஒட்டினதும் ஒரே ஸ்டாம்ப்புதானே, அத்தை?"

"வேற ஸ்டாம்ப்புக்கு நான் எங்கே போவேன்?"

பூக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் காலத்து வியட்நாம் தபால்தலைகள் பலவற்றின் முதுகில் கோந்தே இருக்காது. அனுப்புகிறவர்தான் பசை தடவி ஒட்ட வேண்டும். அந்தப் பழைய பசை காய்ந்து விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஈர ஒற்றுத்தாளை வைத்து, பத்து நிமிடம் பொறுத்து, மாமியாரே தபால்தலையை எடுத்தார். ஓரம்கூடக் கிழியவில்லை. அடியில் ஒரு வெளிறிய கட்டம் இருந்தது. சுற்றிலும் உறை பழுப்பேறியிருக்க, தபால்தலை முதலில் இருந்த இடம் மட்டும் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. ஆர்க்கிட்டைக் காயவைத்து அந்தக் கட்டத்தில் வைத்தார்கள். முத்திரை வட்டம் கச்சிதமாகக் கூடியது. அதில் ஹனோய் என்ற பெயரின் கடைசி எழுத்துக்கூட முழுசாக வந்தது.

"கண்ணு மங்கினப்புறம் ஒட்டினது. இல்லேன்னா இம்மிகூடப் பிசகியிருக்காது" என்றார் மாமியார், தொழில் மானத்தை விட்டுக்கொடுக்காமல்.

மறுநாள் காலை, "நானே வந்து சொல்றேன்" என்று மாமியாரும் கிளம்பிவிட்டார். போஸ்ட்மாஸ்டர் லென்ஸை வைத்து வெளிறிய கட்டத்தைப் பார்த்தார், தபால்தலையின் முதுகைப் பார்த்தார், மாமியார் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒட்டினது தப்பு இல்லம்மா. சொல்லாம விட்டதுதான் தப்பு."

"அதைத்தான் சொல்ல வந்திருக்கேன்."

"உதிர்ந்தது, மறுபடி பொருத்தினதுன்னு கீழே ஒரு வரி எழுதிடுங்க தம்பி. அசல் கவர்தான். எனக்குச் சந்தேகம் இல்லை."

பூக்காரர் அந்த வரியை எழுதி உறையைத் திரும்பச் சட்டத்துக்குள் வைத்தார். சாயங்காலம் வெண்கலப் பதக்கம் அறிவித்தார்கள். கைதட்டலில் மாமியார் சத்தம்தான் கூடுதலாகக் கேட்டது.

திரும்பும்போது பேருந்தில் இருவர் இருக்கை ஒன்றுதான் காலியாக இருந்தது. மாமியார் தயங்கவில்லை, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டவில்லை, தலை சாய்ந்து மாப்பிள்ளையின் தோளில் விழுந்தது. லேசான குறட்டை வேறு. பூக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. அடுத்ததில் இறங்கி நடந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.