எழுபத்தைந்தாவது வரி

ஞாயிறு காலை பத்து இருபதுக்கு அந்தச் சிப் செத்தது.

அதுவரை பச்சையா சிவப்பா என்று தடுமாறிக்கொண்டிருந்த விளக்கு, இரண்டும் இல்லாமல் அணைந்தது. அவன் சிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். மூன்று வாரமாகத் தொட்டால் சுட்டது, இப்போது ஆறிக் கிடந்தது.

"போயிடுச்சா?" என்றாள் மனைவி. மடியில் கோடு போட்ட நோட்டு, காதில் பென்சில்.

"போயிடுச்சு."

"நம்ம வேலை முடியற வரைக்கும் தாக்குப்பிடிச்சுதே, அதைச் சொல்லுங்க."

கடைசி வரியை அவள் எழுதி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. முதலிலிருந்து இன்னொரு தடவை சரிபார்க்கலாம் என்றிருந்தான். இனி அது நடக்காது.

பின்னறை முழுவதையும் அந்த மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. மேஜை என்பதே மரியாதைக்குத்தான். இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்து ஆணியடித்தது. மேலே பொம்மை ரயில் பாதை. ஓரத்தில் வரிசையாக எட்டு சுவிட்ச், நடுவில் ஒரு சிக்னல் கம்பம். சுவிட்ச் பாதையைத் திருப்பும். எட்டும் எப்படி நிற்கின்றன என்று பார்த்து, சிக்னல் பச்சையா சிவப்பா என்று சொல்வது சிப். சிவப்பு விழுந்தால் பாதையில் மின்சாரம் நிற்கும், வண்டியும் நிற்கும்.

செய்தது அண்ணன். அப்போது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரி. இவனுக்குப் பதினொன்று. அந்த வகைச் சிப் இப்போது யாரும் செய்வதில்லை. உள்ளே மயிரிழை மாதிரி ஃபியூஸ்கள். எது வேண்டாமோ அதை எரித்துவிட்டால், மிச்சம் நிற்பதுதான் விதி. எரித்தது எரித்ததுதான். எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு ஃபியூஸையும் எரித்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாரும் படிக்க முடியாது. அண்ணன் அதையும் எரித்திருந்தான். தம்பி நோண்டாமல் இருக்கமாட்டான் என்று வீடு முழுக்கச் சொல்லியும் வைத்தான்.

அதே விதிகளைப் புதுச் சிப்புக்கு மாற்ற வேண்டுமானால், படிக்க முடியாத சிப்பிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு சுவிட்ச் என்றால் இருநூற்று ஐம்பத்தாறு விதமாக நிற்கும். ஒவ்வொரு விதமாக அவன் வைத்தான், விளக்கைப் பார்த்து அவள் எழுதினாள். சிப்புக்கு வயதாகிவிட்டது. பத்து நிமிடம் ஓடினால் சூடேறி உளறும். பத்து நிமிடம் வேலை, அரை மணி ஓய்வு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும்போதுகூட வாய் "மேல, கீழ, மேல" என்று முணுமுணுத்தது. கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் சொன்னபடியே மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

புதுச் சிப் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. ரேடியோ மெக்கானிக் பெட்டியைத் துழாவி எடுத்துத் தந்தது. அழித்து அழித்து எழுதுகிற வகையும் அவரிடம் உண்டு, அதை எடுத்துக்கொண்டு போ, தப்பானால் மறுபடி எழுதலாம் என்றார். வேண்டாம் என்றான். அண்ணன் ஒரே தடவையில் முடித்தது. அவனும் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிப்பில் எழுதும் கருவியையும் இரவல் கொடுத்தார். திங்கட்கிழமை திரும்பி வரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

ரயிலை ஒதுக்கி வைத்துவிட்டு மேஜையின் மூலையில் இடம் பண்ணலாம் என்று பார்த்தான். சிப்பை விலக்கி, பாதைக்கு நேராக மின்சாரம் கொடுத்து, சிவப்பு எஞ்சினை ஓட்டி, அதை நிறுத்தும் பொம்மைக் கொட்டகைக்குள் விட்டான். நோட்டை விரித்து உட்கார்ந்தான்.

சாப்பாட்டு நேரத்துக்குள் விதிகள் பிடிபட்டன. பச்சை வரிகளை வகை வகையாகச் சேர்த்தால் ஆறே விதி. அண்ணன் மூளை அப்படி, எதையும் கச்சிதமாக மடித்து வைக்கும். ஒரே ஒரு வரி மட்டும் ஆறிலும் அடங்கவில்லை. எழுபத்தைந்தாவது. முன்னும் பின்னும் சிவப்பு, அது மட்டும் பச்சை. கொட்டகைப் பாதை திறந்திருந்தால் சிவப்பு என்பது விதி. இங்கே திறந்திருக்கிறது, பச்சை.

அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வீட்டு எண் இருந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல். முதல் ஞாயிறு வாசல் மணி அடித்ததும் அவள் எழுந்து போனதும் நினைவுக்கு வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பச்சையை எழுதிவிட்டுத்தான் எழுந்தாளாம். வந்து உட்கார்ந்த பிறகு வீட்டு எண்ணைக் குறித்தாளாம்.

"யாருக்கும் கை தவறும்" என்றான்.

"இருபது வருஷமா மருந்துக் கடையில நிக்கிறேன். டாக்டருங்க கிறுக்கறதைப் படிச்சு மாத்திரை எடுத்துக் கொடுக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்ல."

"சண்டை போடற நிலைமையில இருந்தாத்தானே வருவாங்க."

அவள் சிரிக்கவில்லை. உங்க அண்ணனைக் கேளுங்க, ரெண்டு நிமிஷ வேலை என்றாள். முப்பது வருஷத்துக்கு முந்தின சமாசாரம், அவனுக்கு ஞாபகம் இருக்காது என்றான். அதையும் கேட்டால்தானே தெரியும் என்றாள். அவன் நோட்டோடு திரும்பி வந்துவிட்டான்.

ஆறு வருடமாகப் பேச்சில்லை. கடை திறந்த அன்று, மாமனார், மச்சினர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது அண்ணன் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தான். "அரைகுறை கடை போட்டிருக்கான். ரெண்டு கண்ணுக்கும் கண்ணாடி வருதான்னு பாத்து வாங்கிக்கங்க" என்றான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அரைகுறை என்பது சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர். எதையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறவன். மாமனார் சிரித்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றான். அண்ணன் வரவில்லை. பழைய வீட்டைக் காலி செய்தபோது இந்த மேஜையை மட்டும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினான். கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

நான்கு மணிக்கு அவன் ஆறு விதிகளையும் கணினியில் அடித்து முடித்தான். எழுபத்தைந்தாவது வரியைச் சிவப்பாக்கியிருந்தான். மனைவி தப்பு செய்தாள் என்று வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. போன் செய்வதுதான் கஷ்டம்.

புதுச் சிப்பைக் கருவியில் பொருத்திப் பிடியை மடக்கினான். ஒரு விசையைத் தட்டினால் போதும். எரியத் தொடங்கிவிடும்.

ஒரு விஷயம் உறுத்தியது. இந்தச் சிப்பில் ஒரு விளக்குக்கு ஏழு விதிகளுக்குத்தான் இடம். ஆறு எழுதியாகிவிட்டது. அந்த ஒற்றை வரிக்கென்று ஒரு விதி வைத்தால் சரியாக ஏழு.

அவள் டீயோடு வந்தாள். டம்ளரை வைக்க இடம் தேடினாள். நோட்டை எடுத்துவிட்டு அங்கே வைத்தாள். நோட்டு அந்தப் பக்கத்திலேயே திறந்திருந்தது. வாய்க்குள் படித்தாள். பிறகு சுவிட்ச் வரிசையைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"இதெல்லாம் இப்படி வெச்சது யாரு?"

"எதை?"

"சுவிட்சை. ரெண்டாவது மேல, அஞ்சாவது மேல, ஏழாவது மேல. மத்ததெல்லாம் கீழ. இங்கயும் அதேதான் எழுதியிருக்கு. எழுபத்தஞ்சு."

எட்டிப் பார்த்தான். காலையில் எஞ்சினைக் கொட்டகைக்குள் விட்டவன், பாதையை மூடாமல் வந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே அவன் கொட்டகைக்குப் போகும் வழி இரண்டும் ஏழும்தான். மூட வேண்டிய ஐந்தாம் சுவிட்ச் மேலேயே நின்றது.

"குளியலறை லைட்டு, அலமாரிக் கதவு, அஞ்சாவது சுவிட்ச்" என்றாள். "கல்யாணமான நாள்லேருந்து நான்தான் பின்னாடியே வந்து மூடிக்கிட்டிருக்கேன். எனக்கு முன்னாடி யாரு மூடினாங்களோ."

சிப் வருவதற்கு முன்னால் இந்த மேஜையில் சிக்னலைக் கம்பி இணைப்புகளே நடத்தின. அப்போது ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் வண்டிக்குச் சிவப்பு விழும். ஐந்தாவதை மூடுடா என்று அண்ணன் கத்துவான். அவன் எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே ஓடுவான். அந்த ஆட்டமும் பாதியில் நிற்கும். சிப் வந்த பிறகு சிவப்பு விழவில்லை. தான் தேறிவிட்டதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

"டீ ஆறுது" என்றாள் அவள். போகாமல் நின்றாள்.

"நீ எழுதினது சரிதான் போலிருக்கு."

"போலிருக்கா?"

"சரிதான்."

அவள் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். கூடவே போனையும் நகர்த்தினாள்.

கருவியின் பிடியை நிமிர்த்திப் புதுச் சிப்பை வெளியே எடுத்தான். உறைக்குள் போட்டான். அண்ணன் எண் அழிக்கப்படாமல் இருந்தது. இரண்டு தடவை மணி போனது.

"சொல்லு" என்றது அண்ணன் குரல். நேற்றுத்தான் பேசிய மாதிரி.

மனைவி நோட்டை அவன் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அரைகுறைதாண்ணா பேசறேன். ரெண்டு, அஞ்சு, ஏழு மேல இருந்தாலும் பச்சை விழுதே, அது எனக்காகவா வெச்ச?"