நாற்பதில் விழுந்த தடம்

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கண்ணாடிக்கடைக்காரர் மனைவிக்குப் பாடம் எடுத்தார். யார் கேட்டாலும் அன்றைக்குக் காரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் போனோம். சைக்கிளோடு குறுக்கே பாய்ந்தது பேப்பர்காரன்தான்.

"கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். நாற்பது. அவ்வளவுதான்."

அவர் கிழித்த கோட்டைத் தாண்டிப் பழக்கமில்லாத அந்த அம்மாள் தலையாட்டினாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. காலொடிந்து கிடக்கிற மனிதர் மேலேயே பழியும் விழுந்தால், வைத்தியத்துக்கு நஷ்டஈடு கிடைக்காது. மதியச் சாப்பாட்டு டப்பாவோடு காரில் ஏறினாள்.

விபத்து நடந்த சாலையில் போலீஸ் ஆய்வாளர் காத்திருந்தார். அன்றைய டயர்த் தடம் இன்னும் கரிக்கோடாகக் கிடந்தது. அவர் வாதாடவில்லை. அதே கார், அதே டயர். சொன்ன நாற்பதிலேயே வந்து, கோடு தொடங்கும் இடத்தில் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். அன்றைய பாரமும் வேண்டுமென்று அம்மாளையும் உட்காரவைத்தார்.

"தாராளமா," என்று கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

வேகமானியின் முள் நாற்பதைத் தொட்டது. பிரேக். டயர் கிறீச்சிட்டுக் கார் நின்றது. இறங்கிப் பார்த்தால், புதுக்கோடு பழையதில் கால்வாசிதான். வேகம் இரண்டு மடங்கானால் தடம் நாலு மடங்காகும் என்றார் ஆய்வாளர். அன்றைக்கு ரோடு வழுக்கியதாகக் கடைக்காரர் முனகினார்.

காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கும் வெயில்தாங்க. இந்த டப்பா பறந்துபோய் முன்கண்ணாடியில மோதி மூடி தெறிச்சுது. இன்னிக்கு மடியிலயே இருக்கு. நாற்பது இதுன்னா, அன்னிக்குப் போனது நாற்பது இல்லீங்க."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. முறைக்கத்தான் திரும்பினார், ஆனால் கண், புதுக்கோடு முடிந்த இடத்துக்கும் சைக்கிள் நொறுங்கிய இடத்துக்கும் நடுவே போய் நின்றது. ஒரு லாரியே நிற்கலாம்.

"இவ்வளவு இடம் இருந்திருக்கா..." என்றார். பிறகு ஆய்வாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கையெழுத்திட்டார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. மாவுக்கட்டுக் காலோடு எழப்போன பேப்பர்காரரைத் தடுத்து, கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் திரும்பிப் பார்த்திருக்கணும் ஐயா," என்றார் பேப்பர்காரர்.

"நீங்க பார்க்காம வந்திருந்தாலும், நான் அளவா வந்திருந்தா நின்னிருப்பேன். வேகமா ஓட்டினது தப்பு. விழுந்தவர் மேலயே பழியைப் போடப் பார்த்தேனே, அது அதைவிடப் பெரிய தப்பு."

டப்பாவைத் திறந்து பேப்பர்காரருக்குப் பரிமாறிய அம்மாள் சிரித்தாள்.

"இனிமே வேகத்தைப் பத்திப் பொய் சொல்லாதீங்க. ரோடு ஒத்துக்காது, என் டப்பாவும் ஒத்துக்காது."