பத்து டிகிரி

கேனைச் சாய்த்து ஆயிலை ஊற்றும்போது மெக்கானிக்கம்மாவின் கை ஒரு தரம் தயங்கியது. இத்தனை வருஷமாக இந்தக் காருக்கு அவள் ஊற்றியதெல்லாம் ஐம்பதாம் நம்பர் ஆயில். கெட்டியான சரக்கு, புனலில் இறங்கவே சோம்பல்படும். ஆனால் பந்தய டிராக்கில் எஞ்சினை எவ்வளவு வதைத்தாலும் தாங்கும். இன்று ஊற்றுவது முப்பது. தண்ணியாக ஓடியது. இழுவை குறைந்து ரவுண்டுக்கு அரை செகண்ட் மிச்சமாகும். அந்த அரை செகண்டுக்காகத்தான் இத்தனை பாடும். பெரிய டீம் ஒன்றின் மேனேஜர் காலை எட்டு மணிக்கு ஸ்டாப்வாட்சோடு வரப்போகிறார். ஆறே ரவுண்டு. தம்பி ஓட்டுவது பிடித்துவிட்டால் அடுத்த வருஷம் அவர்கள் காரில் அவனுக்கு ஓர் இடம். பிடிக்காவிட்டால் அவ்வளவுதான். அவனுக்கு இருபத்தொன்பது ஆகிறது, இனிமேல் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

அம்மா போனபோது தம்பிக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினெட்டு. வளர்க்கத் தெரிந்தா வளர்த்தாள்? அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை, எதையும் பத்து கூட்டியோ குறைத்தோ சொல்வது. சமையலறைக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முந்தி வைத்தாள். பள்ளிக்கூட பஸ் ஏழு ஐம்பதுக்கு என்றால் ஏழு நாற்பது என்றாள். மூன்றாம் வகுப்பிலேயே பயல் அதைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பான், மனசுக்குள் பத்தைக் கழிப்பான், நிதானமாக ஷூ கயிறு கட்டுவான். கார் வந்த பிறகும் அதே கதை. ஐம்பதாம் நம்பர் ஆயில் நூற்றுமுப்பது டிகிரி வரை தாங்கும். அவளோ மீட்டரில் நூற்றிருபதில் சிவப்பு டேப் ஒட்டி, "இதைத் தாண்டினா எஞ்சின் காலி" என்றாள். அந்த மீட்டரில் மெல்லியதாக இன்னொரு முள் உண்டு, சூடு எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும். ஒருநாள் அது நூற்றிருபத்தெட்டில் நின்றிருந்தது. அவள் பார்த்தாள், வாயைத் திறக்காமல் முள்ளைக் கீழே இறக்கிவிட்டாள். அவள் இறக்கியதை அவனும் பார்த்தான். அதற்கப்புறம் அக்காவும் தம்பியும் நடத்தியது ஊமைக்கூத்துதான். பொய் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பாசம் என்றுதான் ஊரே சொன்னது.

எட்டு மணிக்கு வரவேண்டிய மனுஷர் ஒரு மணிக்கு வந்தார். நடுவில் அரை மணிக்கொரு தரம், "இதோ, வந்துட்டே இருக்கேன்" என்று போன். அதை நம்பி அவளும் ஆயிலை மாற்றக் காரைப் பிரிக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. டிராக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். காலைக் குளிர்ச்சிக்குத்தான் முப்பதாம் நம்பர் ஆயில், நூற்றிருபது டிகிரிக்கு மேல் அது தாங்காது. பழைய ஆயிலுக்கு மாற்ற அரை மணி நேரமாவது வேண்டும்.

"ஆரம்பிக்கலாமா? நான் ரெண்டு மணிக்குக் கிளம்பணும்," என்றார் மேனேஜர்.

அவள் கார் ஜன்னலுக்குள் குனிந்தாள்.

"டேய், கேளு. இன்னைக்கு ஆயில் வேற. நூத்தி இருபதைத் தொட்டா காலை எடுத்துடு. ஹீட்டரை முழுசா போட்டுக்கிட்டு ஒரு ரவுண்டு மெதுவா வா, எஞ்சின் சூட்டை அது உள்ள இழுத்துக்கும்."

"எப்பவும் சொல்றதுதானே."

"இல்லடா. இன்னைக்கு நிஜமாவே நூத்தி இருபதுதான்."

ஹெல்மெட்டுக்குள் அவன் கண் சிரித்தது. "நீ என்னைக்குக்கா பொய்யா சொன்ன?"

அப்போதே போட்டு உடைத்திருக்க வேண்டும். 'இத்தனை நாள் பத்து குறைச்சுச் சொன்னேன்டா, இன்னைக்குக் குறைக்கல.' ஒரே ஒரு வாக்கியம். தொண்டை வரை வந்தது. மேனேஜர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார் என்பது ஒரு சாக்கு. அதைவிடப் பெரிய பயம் வேறு. ஒருதரம் ஒப்புக்கொண்டால் அப்புறம் அவள் சொல்லும் எதற்குத்தான் அவன் கட்டுப்படுவான்? அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்பது அந்த நேரத்தில் அவள் புத்தியில் உறைக்கவில்லை. கார் கூரையை இரண்டு தட்டு தட்டி அனுப்பினாள்.

மூன்றாவது ரவுண்டில் மேனேஜரின் புருவம் உயர்ந்தது. நான்காவதில் பேனாவை எடுத்து எதையோ குறித்தார். அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். ஐந்தாவதில் கார் தூரத்து வளைவில் திரும்பும்போது அவள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. டொக், டொக், டொக். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டு கம்பி வேலிவரை ஓடினாள். அதற்குள் இரும்பு உடையும் ஓசை வந்துவிட்டது, பின்னாலேயே வெள்ளையாகப் புகை.

மேனேஜர் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் ஓட்டறார். ஆனா மீட்டரைப் பார்க்காதவர்கிட்ட எங்க வண்டியைக் குடுக்க முடியாதும்மா." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

காரைக் கட்டி இழுத்துவந்து ஷெட்டில் போட்டார்கள். எஞ்சின் பக்கவாட்டில் கை நுழையும் அளவு ஓட்டை. அடியில் மிச்சமிருந்த ஆயிலைத் தட்டில் பிடித்தாள். பேரிங் தேய்ந்த தூள் அதில் மினுமினுத்தது. மீட்டரில் மெல்லிய முள் நூற்றிருபத்தொன்பதில் நின்றது.

"நூத்தி இருபதுன்னு சொன்னேனேடா."

"சொன்ன. அப்படின்னா நூத்தி முப்பது. அதுக்கும் ஒண்ணு குறைச்சலாத்தான் வெச்சு ஓட்டினேன்." அவன் குரல் உடைந்தது. "ஜாக்கிரதையாத்தான்கா ஓட்டினேன்."

"நிஜமாவேன்னு சொன்னேனே!"

"எல்லாத்துக்கும் நிஜமாவேன்னுதான் சொல்லுவ. ஏழு வயசுலேர்ந்து கேக்கறேன்."

ஓங்கி அறையலாம்போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. தட்டிலிருந்த ஆயிலில் விரலைத் தோய்த்துத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நரநரவென்றது.

மூன்று வாரம் கழித்து அவனுக்கு ஒரு பார்சல் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்தது. தெரு முனையில் கம்பெனி வேன் எட்டு மணிக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும், ஒரு நிமிஷம்கூட நிற்காது. முதல் நாளே தவறவிட்டால் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள், இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் சமையலறைக் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினாள்.

"கடிகாரத்தைச் சரி பண்ணிட்டேன்டா. இனிமே அது காட்டறதுதான் மணி."

"சரிக்கா," என்றான், தலையைத் தூக்காமல்.

காலையில் குளித்து, சீருடைச் சட்டை போட்டு மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தான். போன் உள் அறையில் சார்ஜில் கிடந்தது. கடிகாரத்தில் எட்டாக இரண்டு நிமிஷம். அண்ணாந்து பார்த்தான். உதடு லேசாக அசைந்தது. பிறகு கெட்டிலை இழுத்து இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டான்.

"வேன் வந்துடும்டா."

"இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல இருக்குக்கா."

அவள் வாயைத் திறந்தாள். 'நிஜமாவே' என்ற அந்த ஒரு வார்த்தைதான் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கத் திரும்பியபோது, ஜன்னலுக்கு வெளியே மதில்சுவருக்கு மேலாக ஒரு வேனின் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது, நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தம்பி டீயை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தான்.