மூன்று பக்க மனு

டவுன் கலவரத்தில் சேர்ந்தான் என்று சங்கிலிபூதத்தானைப் பிடித்து வைத்திருந்தார்கள். மத்தியான ரயிலில் வெளியூர் ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குள் துரையிடம் மனு போயாக வேண்டும். எழுத வேண்டியவன் நான். பாளையங்கோட்டைக் கலெக்டர் கச்சேரி வாசலில் இருபது வருஷமாக மனு எழுதும் கைலாசம் பிள்ளையைத் தெரியாதவர் உண்டா?

மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்கத் துரையின் கருணை. இரண்டாம் பக்கத்தில் சக்கரவர்த்தியின் செங்கோல். சங்கிலிபூதத்தான் பெண்டாட்டி சுடலைவடிவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அய்யா, எம் புருசன் பேரு எங்கன வருது?”

“மூணாம் பக்கத்துல வருதுட்டி. பொறு.”

“துரை வண்டியை விட்டு எறங்கிப் படியேறுத வரைக்குந்தான் குமாஸ்தா படிக்காரு. நேத்து ரெண்டு மனு பாதியில நின்னு போச்சு. நான் பார்த்தேன்.”

முதல் இரண்டு பக்கங்களையும் கிழித்தேன். மூன்றாவதில் என்ன இருந்தது? ‘அன்னவன் அன்றைய தினம் வேறிடத்தில் இருந்ததைப் பெரியோர் பலர் அறிவர்.’

“யாரு அய்யா அந்தப் பெரியவுக?”

நாசமாய்ப் போக! அன்று அவன் சீவலப்பேரியில் என் வயலில் அறுத்துக்கொண்டிருந்தான். கூட அறுத்தவர்கள் பயந்து ஊரை விட்டே ஓடிவிட்டார்கள். மிச்சம் நான் ஒருவன்தான். இப்படிச் சாட்சி சொல்லப் போன ஒருவரை நேற்றுப் போலீஸ் கூட்டிப்போனது. இன்னும் வீடு திரும்பவில்லை. அலங்காரமாவது மண்ணாவது! என் பெயரை எழுதப் பயந்துதான் அத்தனை பெரியோரையும் துணைக்கு அழைத்திருந்தேன்.

“நீங்கதான அய்யா வரப்புல நின்னிய?” அவள் குரல் உயரவே இல்லை.

துரையின் குதிரை வண்டி தெருவில் திரும்பியது. புதுக் காகிதம் எடுத்தேன்.

‘சங்கிலிபூதத்தான் நிரபராதி. கலவரத்தன்று விடிந்தது முதல் இருட்டும் வரை சீவலப்பேரியில் என் வயலில் அறுத்தான். நான் கூடவே நின்று பார்த்தேன். அவனை அனுப்ப வேண்டாம். கைலாசம் பிள்ளை.’

குமாஸ்தா இரண்டாம் படியிலேயே படித்து முடித்துவிட்டார். துரை நின்றார். கைலாசம் பிள்ளை யார் என்று கேட்டார். வாசலில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

“நான்தான்” என்றேன்.

விசாரணை முடியும்வரை அவனை அனுப்ப வேண்டாம், இவனையும் வெளியே விட வேண்டாம் என்று உத்தரவானது. போலீஸ்காரன் என் கையைப் பிடித்தான்.

“வளவளன்னு எழுதுத ஆளு, இன்னைக்குப் போய் இப்படி எழுதிட்டீரே வே!” என்றான்.

சங்கிலிபூதத்தான் இருந்த கொட்டடியிலேயே என்னையும் அடைத்தார்கள். அவன் பதறி எழுந்தான்.

“அய்யா! நீங்க என்ன செஞ்சிய?”

“நாலு வரி எழுதுனேம்லே” என்றேன். என் பல் கிடுகிடுவென்று ஆடியது.