நூற்றெண்பத்தேழு குண்டூசிகள்

“குண்டூசியத்தானே எடுத்தேன் அத்தை, கொலையா பண்ணினேன்?”

“கொலைதான்! ஒருதரம் மூழ்கின கப்பல் நூத்தியெண்பத்தேழையும் மறுபடி மூழ்கடிச்சிட்டியே!”

மருமகளும் மாமியாரும் பேசிக்கொண்ட இதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். அதையும் கட்டியவன் செங்கல்லில் சிக்கனம் பிடித்திருக்கிறான். தவிர, திருப்பிக் கொடுக்கவேண்டிய பாத்திரம் ஒன்று ஒரு மாதமாக என்னிடம் கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அந்த நேரம் தோதாகப் பட்டது. போனேன்.

கூடத்தில் நாலு பேர். மாமியார் நாற்காலியில், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மருமகள் எதிரே நின்றபடி. நடுவில் மகன். இரண்டு பக்கமும் இடி வாங்குவதால் தெருவில் அவனுக்கு மத்தளம் என்று பெயர். நாலாவது ஆள், வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண். ஆவணக் காப்பக அதிகாரி. மேசைமேல் விரித்திருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சையில் தெரியாத கேள்வி வந்ததுபோல.

விஷயம் இதுதான். மூன்று மாதம் முன்பு இறந்துபோன அந்த வீட்டுப் பெரியவரைக் கப்பல்காரர் என்போம். அவருக்குக் கப்பல் ஏதும் கிடையாது. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. படகில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி. ஆனால் அந்தக் கடலில் எந்தக் காலத்தில் எந்தக் கப்பல் முழுகிப்போனாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நாற்பது வருஷம் மீனவர்கள், முத்துக்குளித்தவர்கள், மாலுமிகளின் விதவைகள் என்று ஆள் தேடி ஆள் தேடி விசாரித்தார். ஒரு கப்பலுக்கு ஒரு தாள். அவர் சொல்லச் சொல்ல மனைவிதான் தட்டச்சு செய்வார். கூடவே படம், சில கப்பல்களுக்கு, சொன்னவரின் குரல் பதிந்த ஒலிநாடாவும் உண்டு.

கப்பல் கிடக்கும் இடத்தை மட்டும் அவர் தாளில் எழுதவிடமாட்டார். திருட்டுத்தனமாக முக்குளித்து, செத்தவர்களின் சாமானை அள்ளி விற்கிறவர்கள் உண்டு என்று அவருக்குப் பயம். அதனால் இடத்தைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார். அதில் கப்பல் பெயர் இருக்காது. சீட்டைத் தாளோடு குண்டூசியால் குத்திவைப்பார். யாராவது பார்க்க வந்தால் ஊசியைக் கழற்றிச் சீட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்; ஆள் போனதும் மறுபடி குத்துவார். எந்தச் சீட்டு எந்தக் கப்பலுக்கு என்பது அந்தக் குண்டூசிக்குத்தான் தெரியும்.

அவர் போனபின், துருப்பிடித்த ஊசி ஒன்று பேத்தியின் விரலில் ஏறிவிட்டது. நர்ஸ் சும்மா இருப்பாளா? குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட கையோடு, கையுறை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் எல்லோரும் தூங்கினபின் உட்கார்ந்து அத்தனை குண்டூசிகளையும் பிடுங்கி, மருத்துவமனைக் கழிவுடப்பாவில் போட்டுவிட்டாள். தாள்களைக் கப்பல் பெயர் வரிசைப்படி கோப்பில் அடுக்கினாள். சீட்டுகளை மொத்தமாக ஓர் உறையில் போட்டு, ‘சிறு காகிதங்கள்’ என்று அழகாக எழுதி ஒட்டினாள். இவ்வளவு சுத்தமாக ஒரு காரியத்தைக் கெடுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

“எது எங்க கிடக்குன்னு தெரியாம இதை எடுத்துக்கிட்டுப் போனா எங்க குழு ஒத்துக்காதுங்க,” என்றார் அதிகாரி மெதுவாக. “கதையா நிறைய பேர் குடுத்துட்டாங்க. இவர்கிட்ட கப்பல் கிடக்கற இடம் இருக்குன்னுதான் இடமே ஒதுக்கினோம். வெள்ளிக்கிழமை வண்டி வரும். அதுக்குள்ள ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாரேம்மா?”

“எங்கிட்டயா? எனக்கு வாயில பூட்டு இல்லையாம். பக்கத்து வீட்டுக்குப் போயிடுமாம்.”

இதைச் சொல்லும்போது மாமியார் ஏன் என்னைப் பார்க்கவேண்டும்? நான் பாத்திரத்தை மேசையில் வைத்தேன்.

மகனுக்கு வேலை மாற்றல் வந்திருந்தது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யவேண்டும். போகிற இடத்தில் இரண்டே அறை. காப்பகம் எடுக்காவிட்டால் அத்தனையும் பழைய பேப்பர்க் கடைக்குத்தான். மாமியார் எழுந்து, “என் விரல் தேஞ்சது தேஞ்சதுதான். நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். யாரும் என்னைக் கூப்பிடவேண்டாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மத்தளம் எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்றான்.

மறுநாள் காலை என் பால்கனியிலிருந்து பார்த்தால், நர்ஸ் ஜன்னலோரம் நின்று ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்திருக்கிறாள். இறக்கினாள். இன்னொன்றைத் தூக்கினாள். திடீரென்று ஒரு கத்தல்.

“அத்தை! இங்க வாங்க!”

“வரமாட்டேன்.”

“கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாங்க!”

வராவிட்டால் என்ன நடந்தது என்று தெரியாமல் போய்விடுமே. வந்தார். நானும்தான்.

“ஊசி ஒரு இடத்துல இறங்கி இன்னொரு இடத்துல ஏறியிருக்கு பாருங்க. ரெண்டு ஓட்டை. சுத்தி துருக்கறை. தினம் நாப்பது பேருக்கு ஊசி குத்தறேன் அத்தை, ஒரு குத்து மாதிரி இன்னொண்ணு இருக்காது. இதுல ரெண்டு ஓட்டையும் நெருக்கம். இதுல தள்ளி, சாய்வா இருக்கு. சீட்டுலயும் அதே ரெண்டு ஓட்டை இருக்கணுமில்ல?”

ஒரு சீட்டை எடுத்துத் தாள்மேல் வைத்து நகர்த்தினாள். சேரவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. பதினோராவது சீட்டில் ஜன்னல் வெளிச்சம் இரண்டு பொட்டாகக் காகிதம் இரண்டையும் தாண்டி வந்தது. கறையோடு கறை, விளிம்போடு விளிம்பு பொருந்தி நின்றது.

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, “இந்தக் கண்ணு அன்னிக்கு எங்க போச்சு?” என்றார்.

“அன்னிக்கு ஊசியத்தான் பாத்தேன் அத்தை. ஓட்டைய பாக்கல.”

அவ்வளவுதான், வீடு பட்டறையாகிவிட்டது. நர்ஸ் விடுப்புப் போட்டாள். மகனுக்குத் தாளை ஜன்னலில் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவன் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். எனக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். ஓட்டைகளின் இடைவெளியை அளந்து சீட்டுகளைப் பிரித்துவைக்கவேண்டும். என் திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்றுதான் நினைத்தேன்.

“உள்ள வெச்சிருந்தா வெளிய போகாது,” என்று மாமியார் மருமகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

முதல் நாள் இருவரும் “அதைக் குடு”, “இதைப் பிடி” என்பதற்கு மேல் பேசவில்லை. இரண்டாம் நாள் ஒரு சீட்டு பொருந்தியதும் மாமியார், “இந்தக் கப்பலைத் தட்டும்போதுதான் உன் புருஷன் வயித்துல எட்டு மாசம். மெஷினுக்கும் எனக்கும் நடுவுல அவன்,” என்றார். “இப்பவும் நடுவுலதான் அத்தை நிக்கிறாரு,” என்றாள் மருமகள். மாமியார் சிரித்துவிட்டார். தாளைப் பிடித்திருந்தவன் ஆடியதில் அந்தச் சீட்டு விழுந்து, நாலு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நூற்றெழுபத்தொன்பது சேர்ந்திருந்தது. எட்டு மட்டும் மசியவில்லை. கப்பல்காரர் அந்தச் சீட்டுகளைக் குத்திக் குத்தி எடுத்ததில் அவை சல்லடையாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி பார்த்தார். நம்பவில்லை; நம்புவதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை. ஒலிநாடாக்களைக் கேட்டார். அதிலும் இடத்தைச் சொல்ல வரும்போதெல்லாம் கப்பல்காரர் பொத்தானை அமுக்கிப் பேச்சை நிறுத்தியிருக்கிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம்தான் மிச்சம். நாலே நாலு நாடாக்களில் மறந்திருந்தார். முதல் மூன்றும் எங்கள் சீட்டோடு சரியாக இருந்தன. நாலாவதில் ஒரு மீனவக் கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு எண்களைச் சொல்லத் தொடங்கினார். அதிகாரியின் விரல் சீட்டின்மேல் ஊர்ந்தது. நர்ஸ் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நாடி பார்ப்பதுபோல. பாதி எண்ணில் வேறொரு குரல் நடுவே புகுந்தது.

“எத்தனை தரம் கூப்பிடறது? சாப்பிட வரீங்களா, இல்ல கடல்லயே குடித்தனமா?”

மாமியாரின் குரல்தான். அப்போதும் அதே தொண்டை. கிழவர் சிரித்துவிட்டு மீதி எண்களைச் சொன்னார்.

“சரியா இருக்குங்க,” என்றார் அதிகாரி, கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “எடுத்துக்கறோம்.”

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், மூன்று மாதமாக அவர் நின்றுகொண்டே இருந்தார் போலிருந்தது.

“அந்த எட்டு?” என்று கேட்டார்.

“இடம் தெரியலைன்னு எழுதி வைப்போம். எங்க வேலையில அப்படி எழுதறது அசிங்கமில்ல.”

“எங்க வீட்ல யாருக்கும் ‘தெரியல’ன்னு சொல்ற பழக்கம் கிடையாது,” என்று மாமியார் ஒத்துக்கொண்டார்.

தாளும் படமும் குரலும் கணினியில் ஏறி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஆகிவிட்டன. சீட்டுகள் மட்டும் பூட்டிய அலமாரியில். கப்பலோடு போனவர்களின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இடத்தைச் சொல்வார்கள். இது மாமியார் போட்ட நிபந்தனை. முதல் மாதமே ஒரு பெண்மணி இடம் கேட்டுப் போயிருக்கிறார். அவருடைய அண்ணன் அப்படி ஒரு கப்பலில் போனவர். பிறகு மாமியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “நாப்பது வருஷமா எந்தப் பக்கம் பாத்து அழறதுன்னுகூடத் தெரியாம இருந்தேம்மா,” என்றாராம். மாமியார் இதை என்னிடம் போனில் சொன்னபோது வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

அதற்கு முன்பே, சொன்னபடி மாதக் கடைசியில் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். தங்கை வீட்டுக்கென்று கட்டிய பெட்டியை மருமகள் வாயே திறக்காமல் தங்கள் வண்டியில் ஏற்றினாள். மாமியாரும் வாயே திறக்காமல் அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அதிகாரியம்மாவுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை, மூழ்கிய கப்பல்களை ஆராய்கிற முக்குளிப்பவன். சீட்டுகளைக் காட்டச் சொல்லி ஆறு தடவை காப்பகத்துக்கு நடந்தவன். சீட்டு ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. இருவரும் இப்போது காப்பகத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கிறார்கள்.